அப்பாவின் முழங்காலும் கோயில் கேட்டும்

“படிச்ச பொண்ணுதான், ஒத்துக்குறேன். அதுக்காவ மெடிக்கல் போர்டுல போய் நீ இன்னா கிழிக்கப் போற? அது பட்டாளத்துக்காரன் சமாச்சாரம்மா.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் கேட்டில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சுபேதார் அங்கிள் இதைச் சொன்னார். எங்கள் தெருக்காரர். அப்பாவைப் போலவே ராணுவத்தில் இருந்து வந்தவர், ஆனால் அப்பாவுக்கு மேலே இருந்தவர். அதனால் அப்பா இன்றைக்கும் அவரை “சாப்” என்றுதான் கூப்பிடுவார். அன்றும் கழுத்தில் விசிலோடு பக்கத்தில் நின்றுகொண்டு, மகளை ஒருவர் இப்படிச் சொல்கிறாரே என்று இல்லாமல், “சாப், பின்னாடி ஆட்டோ வருது, பாத்து எடுங்க” என்றார். கோயிலில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைப்பது பல வருடங்களாக அப்பாவின் வேலை. யாரும் கேட்காமல் அவராக எடுத்துக்கொண்டது.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டினார். மலைப் பாதையில் பனியில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது வண்டி நழுவி வலது முழங்காலை நசுக்கியது. அறுவை சிகிச்சை செய்தார்கள். ஓய்வு பெற்று வந்தபோது, பணியில் பட்ட காயம் என்று பென்ஷனோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறகு ஒருமுறை, கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க மெடிக்கல் போர்டு வைத்துக் கூப்பிட்டார்கள். அப்பா அணிவகுப்புக்குப் போவதுபோல் போனார். “ஏதாவது கஷ்டம் இருக்கிறதா?” என்று டாக்டர் கேட்டார். “நோ ப்ராப்ளம் சார்” என்றார் அப்பா. டாக்டரும் அதையே எழுதினார். ஊனச் சதவீதம் குறைந்தது, சேர்த்துக் கொடுத்தது நின்றது. அம்மா மூடி வைத்திருந்த தையல் மெஷினை மறுபடி திறந்தாள்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பா எட்டாவது வரைக்கும், அம்மா அதில் பாதி. இரண்டு பக்கத்து உறவிலும் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, முயற்சியும் செய்ததில்லை. பட்டம் வாங்கி, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்த பிறகு, ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து அப்பாவின் காகிதங்களை எல்லாம் படித்தேன். மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று மேல்முறையீடு எழுதினேன். அப்பா கையெழுத்துப் போட்டார், நம்பிக்கை இல்லாமல்.

கூப்பிட்டு விட்டார்கள்! கடிதத்தை அம்மா போட்டோ எடுத்து அனுப்பியபோது கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். போட்டோவில் பாதிக்கு அம்மாவின் கட்டைவிரல். மீதிப் பாதியிலேயே விஷயம் புரிந்து நான் கத்திய கத்தலில் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இன்னாடி, கல்யாணம் முடிவாயிடுச்சா?” என்றார் பக்கத்தில் இருந்த அக்கா.

“அதைவிடப் பெருசு அக்கா. எங்கப்பாவுக்கு போர்டு வந்திருக்கு.”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சுபேதார் அங்கிள் அப்படிச் சொன்னது. சொன்னதோடு விடாமல் அப்பாவுக்கு ஒரு யோசனையும் கொடுத்தார். “ரூமுக்குள்ள நுழையும்போதே நொண்டு, ஹவல்தார். மூஞ்ச சுளி. ஒரு கட்டை ஊனிக்கினு போனா இன்னும் நல்லது.”

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. “பொய் சொல்லி வாங்குற காசு நமக்கு வேணாம் சாப்.”

வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாவிடம் கேட்டேன். “போன தடவை நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அது மட்டும் என்னவாம்?”

அப்பா செம்பாக்கம் ஏரிப் பக்கத்து ஜன்னலைப் போய்ச் சாத்தினார். கொசு வரும் நேரம் இல்லை அது.

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. கம்பெனியில் புதிதாகச் சேருபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பது இதுதான்: பெட்டியிலிருந்து பரிசோதனைக்கு ஒன்றை எடுக்கும்போது பளபளப்பாக இருப்பதைத் தேடக் கூடாது, கீறலாக இருப்பதையும் தேடக் கூடாது. கைக்கு வருவதை எடு. நல்லதாகப் பொறுக்கினால் கம்பெனியை ஏமாற்றுகிறாய், கெட்டதாகப் பொறுக்கினால் சப்ளையரை ஏமாற்றுகிறாய். அதேபோல் அப்பாவின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டுபோய் போர்டு முன்னால் வைக்க வேண்டும். அவ்வளவுதான். அது எவ்வளவு கஷ்டம் என்று ஒத்திகை ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

ஹாலில் தையல் மெஷின் ஸ்டூலில் அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். “நெக்ஸ்ட்!” என்றேன். அப்பா சமையலறையில் இருந்து நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்து, ‘டப்’ என்று காலை அறைந்து விறைப்பாக நின்றார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

“இந்த அடி அடிச்சா கால் வலிக்காம என்ன செய்யும்?” என்றாள் அம்மா.

“அம்மா, டாக்டர் ரூமுல பேசக் கூடாது. சொல்லுங்க ஹவல்தார், முழங்கால்ல ஏதாவது கஷ்டம்?”

“நோ ப்ராப்ளம் சார்!”

“வெளியே போங்க. மறுபடி வாங்க.”

மறுபடியும் அதே அடி, அதே பதில். சொன்ன பிறகு தலையில் கை வைத்துக்கொள்வார். “வாய் தானா சொல்லுதும்மா. ஆபீசர் கேட்டா வேற பதிலே கெடையாது எங்களுக்கு. கஷ்டம்னு சொன்னவனை எவனும் மதிக்க மாட்டான்.”

மூன்று சாயங்காலங்கள் இப்படியே போயின. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததே தவிர அப்பா மாறவில்லை. நாலாவது நாள் கேள்வியை மாற்றினேன். “கஷ்டம் இருக்கான்னு கேக்கல. முன்னாடி செஞ்சு இப்ப செய்யாத வேலை ஒண்ணு சொல்லுங்க.”

அப்பா யோசித்தார். “அப்படி எதுவும் இல்லியே.”

அம்மா தைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், “கோயில்ல முட்டி போட்டு எத்தனை வருசம் ஆச்சுன்னு கேளு உங்கப்பாவை” என்றாள்.



பூசையில் மணி அடித்ததும் எல்லோரும் முழங்காலில் நிற்பார்கள். அந்த மணிக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா எழுந்து, விசிலை எடுத்துக்கொண்டு, கேட்டுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு ஞாயிறும். பட்டாளத்துக்காரர், ஒழுங்கு இல்லாவிட்டால் அவருக்கு ஆகாது என்று ஃபாதர்கூடப் புகழ்ந்திருக்கிறார். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் வண்டியே வராது என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

“கேட்டுல ஆள் வேணும்ல” என்றார் அப்பா.

“அப்பா.”

அவர் ஸ்டூலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே போனால் எழுந்திருக்க முடியாது என்றார். ஒருமுறை பக்கத்து பெஞ்சுக்காரர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாராம். அதற்குப் பிறகுதான் விசில் வாங்கினாராம்.

“இதைத்தான் சொல்லணும்” என்றேன். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. இதோ, என் சாதாரண செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்துவிட்டது. “இது நொண்டுறதும் இல்ல, மறைக்கிறதும் இல்ல.”

அதற்கு அப்புறம் ஒத்திகை இந்தியில் நடந்தது, டாக்டர் எந்த ஊர்க்காரரோ என்று. எனக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. டாக்டரும் நான்தான், புரியாமல் தலையாட்டியதும் நான்தான். முட்டிக்கு ‘குட்னா’ என்பதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டேன்.

போர்டு நாள் காலை அப்பா தயாராகி நின்றார். மழமழவென்று ஷேவ், கத்தி மடிப்பு பேண்ட், முகம் தெரியும் ஷூ. நடந்து காட்டினார். பத்து வயது குறைந்தாற்போல் நடை. எனக்குச் சந்தேகம் வந்தது. பேண்டுக்கு உள்ளே முட்டி உறை போட்டிருந்தார். சட்டைப் பையில் வலி மாத்திரை ஒன்று, ரயில் ஏறும்போது போட்டுக்கொள்ள.

“இதெல்லாம் தினமும் உண்டா?”

“கல்யாண வீட்டுக்குப் போனா போடுவேன். நிக்கணும்ல.”

“இது கல்யாண வீடு இல்லப்பா. தினமும் போடாததை இன்னைக்கும் போடாதீங்க. முடியவே முடியலன்னா சொல்லுங்க, போட்டுக்கலாம், டாக்டர்கிட்டயும் சொல்லிடலாம்.”

உறையைக் கழற்றினார். மாத்திரையை அம்மாவிடம் கொடுத்தார். “ஷூ பாலிஷ்ல மட்டும் கை வைக்காத” என்றார். வைக்கவில்லை. அது தினமும் உள்ளதுதான்.

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் அவர் ஒரு பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். பின்னால் வந்த கூட்டம் உச்சுக் கொட்டியது. இத்தனை வருடம் அவர் என்னை முன்னால் போகச் சொன்னது இதை நான் பார்க்காமல் இருக்கத்தான் என்று அன்றுதான் தெரிந்தது. மின்சார ரயிலில் எனக்கு உட்காரவே முடியவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றுகூட நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

ராணுவ மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தோம். அப்பாவின் எண்ணைக் கூப்பிட்டதும் அவர் எழுந்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவுக்குப் பச்சைத் திரை, பாதிதான் இழுத்திருந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு பெண் அதிகாரி, என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அப்பாவின் முதுகு விறைத்தது. காலை அறையப் போகிறார் என்று பல்லைக் கடித்தேன். அறையவில்லை.

அந்த அதிகாரி இந்தியில் ஏதோ கேட்டார். கேள்வி புரியவில்லை, ஆனால் எந்தக் கேள்வி என்று தெரிந்தது. அப்பா, “நோ ப்ரா…” என்று ஆரம்பித்தார்.

நின்றார்.

பிறகு மெதுவாக, நீளமாகப் பேசினார். எனக்கு எதுவும் புரியவில்லை. பட்டம் வாங்கிய நான் திரைக்கு வெளியே ஊமைபோல் நின்றேன். எட்டாவது படித்த அப்பா உள்ளே ஆறாக ஓடும் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் “சர்ச்” என்றார். அப்புறம் “குட்னா” என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்து, நிமிர்ந்து, ஏதோ திருப்பிக் கேட்டார். அப்பா மறுபடி சொன்னார். அவர் எழுதினார். நிறைய எழுதினார். பிறகு உட்காரச் சொன்னார்கள், மடக்கச் சொன்னார்கள். அப்பா பாதியில் நின்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் முயலவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை.

வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது. “சொல்லிட்டேம்மா” என்றார். டீக்கடைக்குப் போனோம். டீயை வாங்கியதும், “கடைசியா வெளிய வரும்போது மட்டும் ஒரு அட்டென்ஷன்ல நின்னுட்டேன். பரவாயில்லையா?” என்றார்.

“தினமும் நிக்கிறதுதானே. பரவாயில்ல.”

முடிவு வர மாதங்கள் ஆயின. வந்தது. பழைய சதவீதமே திரும்ப. நான் அதை மூன்று முறை உரக்கப் படித்தேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும் என்று. அம்மா, “அப்போ இனிமே பல்பு யார் மாத்துறது?” என்றாள். “கவர்ன்மெண்டே எழுதிக் குடுத்துடுச்சு, நான் ஏறக் கூடாது” என்றார் அப்பா, ராஜா மாதிரி.

ஆனால் அடுத்த ஞாயிறும் மணிக்கு முன்னால் அவர் எழுந்தார், விசிலோடு. நான் கையை நீட்டினேன்.

“என்ன?”

“குடுங்க. எழுத்துலயே வந்தாச்சு. இனிமே யாருக்கு மறைக்கணும்? நீங்க உக்காந்தே இருங்க.”

 அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். கேட்டில் இருந்து திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் முழங்காலில் குனிந்திருக்க, அப்பாவின் தலை மட்டும் நிமிர்ந்து தெரிந்தது.

பூசை முடிந்ததும் வண்டிகள் முட்டிக்கொண்டு கிளம்பின. சுபேதார் அங்கிள் ஸ்கூட்டரைக் குறுக்கே விட்டார். ஊதினேன்.

“இன்னாம்மா இது?”

“அங்கிள், ஆட்டோவுக்கு வழி விடுங்க. இடது பக்கம்.”

முணுமுணுத்துக்கொண்டே இடது பக்கம் போனார். விசிலின் கயிறு பழசாகி இற்றுப் போயிருந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் தாம்பரம் மார்க்கெட்டில் இறங்கி, சிவப்பில் புதிதாக ஒரு கயிறு வாங்கி மாட்டிவிட்டேன்.