இன்றைக்குக் காற்று இல்லை

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் துணி துவைத்துக் காயப்போடுவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் சோலி. இந்த ஊரில் படுக்கை விரிப்பைக் காயவைப்பது லேசான காரியம் இல்லை. வெயில் அடிக்கிறதே என்று கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் மேகம் இறங்கி எல்லாவற்றையும் நனைத்துவிடும். அதனால் கை சோப்பில் இருந்தாலும் கண் மரத்து உச்சியில்தான் இருக்கும். பயந்த சுபாவம் வேறு. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருகிறவள் நான்.

அந்தப் பயத்தைத்தான் என் வீட்டுக்காரர் படகில் ஏற்றினார்.

அவர் ஏரிக்கரைப் படகுத்துறையில் தச்சர். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார வாத்தியார் சின்னப் பாய்ப்படகு ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஓட்டவும் அந்த வாத்தியாரே சொல்லிக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் லீவு. முதல் தடவை ஏறியபோது விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏ பிள்ள, கண்ணத் தொற. நான் கயித்தப் பாக்கணும், சுக்கானப் பாக்கணும். காத்து எங்கிட்டிருந்து வருதுன்னு நீ சொல்லு. ஒனக்குத் தெரியாத காத்தா?”

திறந்தேன். காற்று வருகிற இடத்தில் தண்ணீர் கறுத்து, அந்தக் கறுப்பு எங்களை நோக்கி ஓடி வந்தது. “வருதுங்க, வருதுங்க, வலது பக்கம்!” என்று கத்தினேன். அவர் பாய்க் கயிற்றைத் தளர்த்தினார். படகு சாய்ந்து, நிமிர்ந்து, பறந்தது. எங்கே என்ன ஆகுமோ என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்கும் ஒரு உபயோகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பிறகு செவ்வாய்க்கிழமை வெள்ளனே குளித்துக் கிளம்பி நிற்பது நான்தான்.

படகுத்துறைக் காவலாளி கேலி செய்வார். “ஏக்கா, இந்தக் கப்பலுக்கு கேப்டன் நீங்களா, அண்ணனா?”

“நான் வெறும் டிரைவர்ப்பா” என்பார் இவர். “அவுக கண்டக்டர். அவுக விசில் அடிச்சாத்தான் வண்டி நகரும்.”

பிறகு அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. மதுரைக்கு அலைந்தோம். கடைசியில், புகைக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி ஆள் நிற்பது மட்டும் தெரியும் என்கிற அளவில் நின்றது. படகுத்துறை வேலை போயிற்று. “போனாப் போகட்டும், பாய் இழுக்கக் கை இருக்கு, பாக்க நீ இருக்க” என்றார். அப்படியே சில மாதம் போனோம். அவருடைய கையும் என் வாயும் சேர்ந்து படகை ஓட்டின.

ஒரு நாள் நான் காற்றையே பார்த்துக்கொண்டிருந்ததில் எதிரே வந்த பெடல் படகைக் கவனிக்கவில்லை. அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள். கடைசி நொடியில் அலறினேன், அவர் சுக்கானைத் தள்ளினார், ஒரு முழ இடைவெளியில் தப்பித்தோம். அந்தப் பிள்ளைகள் சிரித்துக் கையாட்டிக்கொண்டு போனார்கள். வீடு போய்ச் சேரும்வரை அவர் கையை நான் விடவே இல்லை.

அடுத்த செவ்வாய் கரையில் நின்று அவர் கேட்டார், “எப்படி இருக்கு?”

தண்ணீர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. “காத்தே இல்லீங்க” என்றேன்.

“அப்படியா” என்றார். டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். அதற்கடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும். வேண்டாம், பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார். சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அதுதான் என்று எனக்குத் தெரியும்.

ஒரு தடவை அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பாய்மரத்தில் பாய் ஏற்றுகிற கயிறு டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று இருந்தால்தான் அது அடிக்கும். “நேரமாச்சு, வாங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் படகில் ஏறி அந்தக் கயிற்றை மரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். துணிக்கொடி கட்டுகிற முடிச்சு. எனக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான்.

அடுத்த செவ்வாய் “இன்னைக்கும் இல்லையா?” என்றார்.

“இல்லீங்க.”

“சும்மா படகத் தொட்டுட்டு வாரேன், கையப் பிடி” என்று இறங்கினார். பலகையைத் தடவினார். பாய்மரத்தைத் தடவினார். விரல் முடிச்சில் வந்து நின்றது. தச்சர் கை, யார் கட்டியது என்று அதற்குத் தெரியாமல் இருக்குமா? முடிச்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவிழ்க்கச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

“நல்லா இறுக்கமாத்தான் கெடக்கு” என்றார். “வா பிள்ள, வெரசா வீட்டுக்குப் போவோம். காத்து இல்லன்னா இல்லதான்.”

காற்றில் அவர் கம்பளிக் குல்லா பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. வருகிற வாரம் உண்மையைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று வாராவாரம் நினைத்தேன். மழை ஆரம்பித்தது. மழை விட்டதும் என்றேன். மழை விடுவதற்குள், ஒரு காலையில், காபி ஆற்றிக் கொண்டுபோனபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். அவ்வளவுதான்.

மாதா கோயிலில் அவருக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்து ஏரிக்குப் போனேன். படகு மழைத்தண்ணீரோடு கட்டிக்கிடந்தது. முடிச்சு ஊறி ஊறிக் கல் மாதிரி ஆகியிருந்தது. நகம் உடைந்தது. பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்க்க முடிந்தது. விட்ட நிமிடம் கயிறு மரத்தில் அடிக்கத் தொடங்கிவிட்டது.

காவலாளி கரையிலிருந்து கூப்பிட்டார். “ஏக்கா, எறங்கி வாங்க. காத்து பலமா இருக்கு.”

“ஆமாப்பா” என்றேன். “நல்ல காத்து.”

அது காவலாளிக்குச் சொன்னது இல்லை. நான் இன்னொரு தடவையும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.