எண்ணெய் கலக்காத பெட்ரோல்

இடது கையின் சுட்டுவிரல் விசையை முழுக்க அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை, மெல்லிய ஸ்குரூ டிரைவரை கார்புரேட்டரின் திருகில் வைத்து உள்பக்கமாக ஒரு மயிரிழை திருப்பியது. சத்தம் கொஞ்சம் தெளிந்தது. இன்னொரு மயிரிழை. இலை ஊதும் மெஷினின் குழாயிலிருந்து பாய்ந்த காற்றில், ஈரத்தோடு தார் ரோட்டில் ஒட்டிக் கிடந்த சவுக்கு இலைகள் பெயர்ந்து பறந்தன.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை நிறுத்தவில்லை. மேலும் கால் சுற்று திருப்பியது. மெஷின் வீரிட்டது. தெரியாதவன் கேட்டால் அதைத் தெம்பு என்று நினைப்பான். ஆனால் உள்ளே போகும் பெட்ரோலும் அதோடு கலந்த எண்ணெயும் குறைந்து, எஞ்சின் தன் சூட்டிலேயே வேகத் தொடங்கியிருந்தது. இப்படியே விட்டால் ஒரு மாதம் ஓடும். பிறகு பிஸ்டன் இறுகி நின்றுவிடும். ஏன் நின்றது என்று பதுளைப் பக்கம் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது.

விஜயலெட்சுமி அந்தச் சத்தத்தை ருசித்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. ஹாலிஎலயில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, புல்வெட்டி, மருந்தடிக்கும் மெஷின் போன்ற சின்ன எஞ்சின்களைத் திருத்தி விற்கும் கடை அவளுடையது. எந்த மெஷினையும் அது ஓடப்போகும் ஊரில் வைத்துத்தான் திருகுவாள். அப்புத்தளையில் காற்று மெலிசு. ஹாலிஎலயில் சரியாக வைத்தது இங்கே புகைத்து இருமும். அதனால்தான் நாலு கிலோ மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள். ஆனால் இந்த மெஷின் போகப்போவது தோட்டத்துக் கண்டக்டராக இருந்த இராசையாவின் வீட்டுக்கு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடித்தாள். பெட்ரோலில் எண்ணெய் கலக்குவதும் அவள் வேலைதான். ஒரு நாள் பன்னிரண்டாம் நம்பர் மலையில் மெஷின் பெட்ரோல் தீர்ந்து நின்றது. கலந்து வைத்த கேன் கீழே இருந்தது. மலையை மேற்பார்க்கும் கண்டக்டரான இராசையா, பொறுமையில்லாமல் தன் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோலை அதில் ஊற்றினார். அரை மணியில் மெஷின் இறுகிப்போனது. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், "எண்ணெய் கலக்க மறந்தது இவதான்" என்றார். "ஐயாதானே ஊத்துனீங்க" என்று அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அவள் எஞ்சின் கற்றதே அந்தச் சிரிப்பினால்தான். ஹாலிஎலயில் ஒரு கராஜைக் கூட்டித் துடைக்கப் போனவள், குப்பையில் எறிந்த எஞ்சின்களைக் கழற்றிப் பார்த்தாள். எண்ணெய் இல்லாமல் செத்த பிஸ்டன் எப்படியிருக்கும், தூசியால் செத்தது எப்படியிருக்கும் என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

சொந்தக் கடை போட்டதும் ஒரு வழக்கம் வைத்தாள். செத்த பிஸ்டனை வாசலில் ஒரு கம்பியில் தொங்கவிடுவாள். கூடவே ஓர் அட்டை: யாருடையது, எதனால் செத்தது. அடியில் உடைமைக்காரர் கையெழுத்து. கையெழுத்து வைக்காதவருக்கு அவள் கடையில் அடுத்த மெஷின் கிடையாது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதை 'மரண அறிவித்தல்' என்று சொல்லி வாசித்துச் சிரிப்பார்கள்.

அந்தக் கடைக்குத்தான் திங்கட்கிழமை இராசையா வந்தார். ஓய்வு பெற்று, அப்புத்தளையில் வீட்டோடு நாலு அறை கட்டி வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். முற்றம் முழுக்கச் சவுக்கு இலை. போன வாரம் ஒரு வெள்ளைக்காரம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். ஃபோனில் பார்த்து வாங்கிய மெஷின் பத்தே நாளில் செத்திருந்தது.

"சனிக்கிழமை பன்னெண்டு பேர் வாறாங்க. கையில புடிக்கிற மாதிரி, வீட்டுக்கு ஒண்ணு வேணும். நம்பி வாங்கணும். ஒங்கிட்டதான் போகச் சொன்னாங்க புள்ள" என்றார்.

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"வெள்ளிக்கிழமை வாங்க" என்றாள்.

மூன்று மெஷின்களை எடுத்து வைத்தாள். முதுகில் மாட்டும் பெரியது தோட்டத்துக்குச் சரி, வீட்டு முற்றத்துக்கு வேண்டாம். பளபளப்பான புதியது லேசாக இருந்தது. ஆனால் அதன் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாஃபிராம் சவ்வு கிழிந்தால் கொழும்பில்கூடக் கிடைக்காது. மூன்றாவது, ஜப்பானில் ஓடிப் பழகியது. தோல் உரிந்த தோற்றம். முற்றத்துப் பனியில் வைத்து விடிந்ததும் இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கால் மணி ஒரே கையில் பிடித்துப் பார்த்தாள்; விரல் மரத்துப்போகவில்லை. ஈர இலையைக் கிளப்பியது. பிளக், ஃபில்டர் எல்லாம் பதுளையிலேயே கிடைக்கும். அதையே தேர்ந்தாள். நல்லதாகத் தேர்ந்து கெடுத்துக் கொடுப்பது என்று முடிவு.

இப்போது அப்புத்தளை ரோட்டில் அது வீரிட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இது இறுகி நின்றால் அவர் என்ன சொல்வார்? மெஷின் மட்டம் என்பார். கொடுத்தவள் சரியில்லை என்பார். அன்றைக்குச் சொன்னதையே மறுபடியும் சொல்ல அவருக்கு அடி எடுத்துக் கொடுப்பதா? கால் சுற்றைத் திருப்பி எடுத்தாள். பிறகு அரை மணி நேரம் காது வைத்துக் கேட்டு, ஒரு குறையும் இல்லாமல் செய்தாள். குறை இல்லாத மெஷின்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை இராசையா வந்தபோது பக்கத்து இரும்புக்கடை ஜௌபர் நானாவும், புல்வெட்டிக்குக் காத்திருந்த இரண்டு பேரும் வாசலில் இருந்தார்கள். அவர் திங்கட்கிழமை கொடுத்துவிட்டுப் போயிருந்த பழைய மெஷினின் பிஸ்டனை அவள் துணியில் வைத்து நீட்டினாள். சுற்றிலும் கோடு கோடாகக் கீறியிருந்தது.

"ஐயா, இதுக்கு என்ன ஊத்துனீங்க?"

"பெட்ரோல்தான்."

"எண்ணெய்?"

"பெட்ரோல்னா பெட்ரோல்தானே. மெஷின் மட்டம்."

ஜௌபர் நானா சிரித்துவிட்டார். "அல்லாஹ்வே! நீங்க தோட்டத்துல எத்தன வருசம் கண்டக்டரா ஈந்தீங்க?"

"முப்பத்தொண்ணு" என்றார் இராசையா, முறைத்தபடி.

"இந்தக் கோடு எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் விஜயலெட்சுமி. "பன்னெண்டாம் நம்பர் மலையில, ஒங்க மோட்டார் சைக்கிள் கேன்ல இருந்து நீங்க ஊத்துனப்ப, மெஷினப் புடிச்சுக்கிட்டு நின்னது நான்தான்."

அவர் முகம் மெல்ல மாறியது. "நீயா? நீ வந்து..."

"பேர வெட்டுனீங்களே, வெட்டுன பேராவது ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்துத்தான் அவள் பேரைத் தெரிந்துகொண்டார். அதை வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அவள் இரண்டு அட்டைகளையும் பேனையையும் மேசையில் வைத்தாள். "ஒண்ணு இந்த மெஷினுக்கு. மத்தது அந்தக் கொழுந்து மெஷினுக்கு. நீங்களே எழுதுங்க."

"பழைய கதைய எதுக்கும்மா? ரெண்டாயிரம் கூடத் தாறேன்."

"விலை விலைதான். எழுதலன்னா நாளைக்குப் பன்னெண்டு பேருக்கும் வெளக்குமாத்தக் குடுத்துக் கூட்டச் சொல்லுங்க."

காத்திருந்தவர்களில் ஒருவன் 'க்ளுக்' என்றான். இராசையா வெளியே பார்த்தார். பஸ் வந்து நின்று, ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தார். எழுதினார். இரண்டாவது அட்டையில் பேனை ரொம்ப நேரம் நின்றது.

ஜௌபர் நானா அதை வாங்கி உரக்க வாசித்தார்: "'கொழுந்து மெஷினுக்கு எண்ணெய் கலக்காத பெட்ரோல் ஊற்றியது நான். விஜயலெட்சுமி அல்ல. முன்னாள் கண்டக்டர் இராசையா.' கையெழுத்து வடிவாத்தான் ஈக்கி."

அவள் பழைய பிஸ்டனோடு இரண்டு அட்டைகளையும் ரோட்டைப் பார்த்துத் தொங்கவிட்டாள்.

"இனி மனசுல வச்சுக்காத தாயி" என்றார் அவர்.

"வச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றாள். "இப்ப ஒக்காந்து எண்ணெயக் கலக்குங்க. ஒரு லீட்டருக்கு இருபது மில்லி."

அவர் குந்தினார். ஊசியில்லாத சிரிஞ்சில் எண்ணெயை உறிஞ்சினார். இருபத்தைந்து வந்தது. அவள் அதை வாங்கிப் புட்டிக்குள் திரும்ப விட்டு, "மறுபடி" என்றாள். இரண்டாம் முறை சரியாக வந்தது. போத்தலை மூடிக் குலுக்கச் சொன்னாள்; போதும் என்று சொல்லும்வரை குலுக்கினார். டாங்கியில் ஊற்றி, அவரையே கயிற்றை இழுக்கச் சொன்னாள். மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

"சத்தம் நல்லாருக்கே" என்றார்.

"இது கெடாது. கெட்டா அதுக்குக் காரணம் நீங்க. அப்பவும் இங்கதான் வரணும்."

மெஷினை நிறுத்தி, குழாயைத் துடைத்து, கலந்த பெட்ரோல் போத்தலோடு அவரிடம் நீட்டினாள். இராசையா எழுந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.