லோஷினியின் பச்சை வளையம்

மலேசியாவில் கூலாய் ஊர்க்காரி லோஷினிக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். பக்கத்து ஊர் செனாயில் ஒரு தொழிற்சாலையில் லேசரால் பெயர் பொறிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த ஒளியை இஷ்டப்படி உருமாற்ற முடியுமா என்று கேட்டுக் கேட்டே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியானாள். சொந்தக்காரர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். கணவன் குணாளன் மட்டும், "நீ படி லா, நான் ஓவர்டைம் போட்டுக்கிறேன்" என்றான்.

அவள் செய்ய நினைத்தது இதுதான். கண்ணுக்குத் தெரியாத லேசர்க் கதிரை ஒரு கண்ணாடித் தகட்டின் வழியே முறுக்கிப் படிகத்துக்குள் விட வேண்டும். அங்கே ஒளித்துகள்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பச்சை ஒளியாகும், முறுக்கும் இரட்டிப்பாகும். வெளியே வருவது உளுந்து வடை மாதிரி, நடுவில் ஓட்டையோடு திரையில் விழும். வளையம் எங்கும் அறுபடக் கூடாது.

நாலு வருடம் ஓடிவிட்டது. இனித் தவணை கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி டாக்டர் ஃபவ்ஸியா வந்து பார்க்கும்போது வளையம் முழுசாக இல்லையென்றால் பட்டம் இல்லை, மறுபடி தொழிற்சாலைதான்.

வியாழக்கிழமை ஒருவழியாக அது முழுசாக வந்துவிட்டது. அன்று ஆயுத பூஜை வேறு. சோறு போடப்போகிற சாமானுக்குப் பொட்டு வைக்காமல் வீட்டுக்குப் போக மனசு வருமா? படிகத்தைச் சூடாக வைத்திருக்கும் சின்னப் பெட்டியில், கதிர் நுழையும் துளைக்கு மேலே, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் பார்த்தால், திரையில் விழுந்த வடையை யாரோ ஒரு கடி கடித்துவிட்டிருந்தார்கள்.

கண்ணாடிகளைச் சரிபார்த்தாள், தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். மதியமாகிவிட்டது. கடைசியில் டார்ச் அடித்துப் பெட்டிக்குள் உற்றுப் பார்த்தாள். காய்ந்த குங்குமம் ஏர்கான் காற்றில் உதிர்ந்து படிகத்தின் முகத்தில் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.

"அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. லேசரை முழுச் சக்தியில் விட்டிருந்தால் பொடி கருகிப் படிகமும் போயிருக்கும். புதுசு வர மாதக்கணக்காகும். நல்லவேளை, சக்தியைக் கூட்டுமுன்பே கடிபட்ட வளையத்தைக் கண்டு நிறுத்தியிருந்தாள். லென்ஸ் துடைக்கும் காகிதத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. படிகத்தில் கீறல் இல்லை. வளையம் மறுபடி முழுசாகத் திரையில் விழுந்தது.

மாலையில் வந்த டாக்டர் ஃபவ்ஸியா வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பாகுஸ், ரொம்ப நல்லா வந்திருக்கு லோஷினி. இனிமே உக்காந்து ஆய்வேட்ட எழுது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் லோஷினி குலுங்கிக் குலுங்கி அழுதாள். சந்தோஷம்தான், வேறென்ன.

அழைத்துப்போக வந்த குணாளனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். அவன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல ஒண்ணுமே இல்லயே?"

"அந்த ஒண்ணுமில்லாததுக்குத்தாங்க நாலு வருஷம் ஆச்சு" என்றாள் லோஷினி.