மேடம் இங்கிலாந்துக்காரி இல்லை

நினைவுக் கூட்டத்தில் அறக்கட்டளையின் செயலாளர் மைக்கைப் பிடித்து, "இந்தியாவின் மேல் கொண்ட அன்பினால் இங்கே வந்த ஆங்கிலேயச் சீமாட்டி" என்று மேடத்தைப் பற்றிப் பேசியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேடம் ஆங்கிலேயர் இல்லை. சீமாட்டியும் இல்லை. அன்பினால் வரவில்லை, உயிர் பிழைக்க வந்தார். மேடத்தின் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து எத்தனையோ தடவை காபி குடித்தவர் அந்தச் செயலாளர். ஒரு தடவை கேட்டிருந்தால் மேடமே சொல்லியிருப்பார். என்னிடம் சொன்னார். நான் வெறும் டைப்பிஸ்ட்.

அவர் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் பிறந்த யூதப் பெண். அப்பா பல் வைத்தியர். ஒருநாள் காலையில் அவருடைய பெயர்ப்பலகையை உடைத்துத் தெருவில் போட்டிருந்தார்கள். அதுவரை அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் கப்பலேறி பம்பாய் வந்து, தெரிந்தவர் ஒருவரின் தயவில் பெங்களூர் கன்டோன்மென்டுக்கு வந்து சேர்ந்தார்கள். போர் தொடங்கியதும் வெள்ளைக்கார அரசாங்கம் அப்பாவைப் பிடித்து முள்வேலி முகாமில் அடைத்தது. கையில் ஜெர்மன் பாஸ்போர்ட் இருந்ததாம், அதனால் எதிரியாம். யூதர் என்று ஒரு நாடு விரட்டியது, ஜெர்மன்காரர் என்று இன்னொரு நாடு அடைத்தது. அந்த இன்னொரு நாட்டுக்காரியாகத்தான் மேடத்தை மேடையில் ஆக்கிவிட்டார்கள்.

அப்பா முகாமில் இருந்த காலத்தில் மேடம் காக்ஸ் டவுன் வீடுகளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்து அம்மாவைக் காப்பாற்றினார். பிறகு, அவரைப் போலவே ஓடிவந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு ரப்பர் தொழில் தெரியும். இரண்டு பேரும் அடுகோடியில் ஒரு ஷெட் பிடித்து, தொழிற்சாலைகளுக்கு வாஷர், ஆஸ்பத்திரிகளுக்கு வெந்நீர்ப் பை என்று ஆரம்பித்தார்கள். ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பர் குப்பியும் செய்தார்கள். கணவர் இறந்த பிறகு மேடம் தனியாகவே தொழிலைப் பெருக்கினார். பிள்ளைகள் இல்லை. வயதானதும் கம்பெனியை விற்றுவிட்டு, அந்தப் பழைய ஷெட்டிலேயே போலியோ வந்த பிள்ளைகளுக்குக் காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரும் ஊன்றுகோலும் பூட்சும் இலவசமாகச் செய்து தரும் இடத்தையும் அதை நடத்த ஓர் அறக்கட்டளையையும் ஏற்படுத்தினார். அடுகோடியில் யாரைக் கேட்டாலும் மேடம் பட்டறை என்று வழி சொல்வார்கள்.

1991-இல் நான் அங்கே வேலை கேட்டுப் போனேன். எனக்கும் இடது காலில் போலியோ. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். போன இடத்திலெல்லாம் முதலில் காலைப் பார்த்தார்கள். ஒரு ஆபீசில், "பாவம், நீ எப்படிம்மா மாடி ஏறுவே?" என்று இரக்கத்தோடு கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் ஆள் எடுத்தது கீழ்த்தளத்துக்கு.

மேடமும் காலைத்தான் பார்த்தார்.

"இந்தக் காலிப்பர் எந்தக் கழுதை செஞ்சான்?"

நான் விழித்தேன். மேடம் தமிழைக் கன்டோன்மென்டு ஆயாக்களிடமும் வேலையாட்களிடமும் கற்றவர். எல்லோரையும் 'நீ' என்றுதான் சொல்வார், மந்திரியையும்கூட.

"முட்டிகிட்ட உரசுது. வலிக்குதா?"

"சில நாள் வலிக்கும் மேடம்."

"நீ முதல்ல அதை மாத்து. அப்புறம் டைப் அடி."

மேஸ்திரியைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார். மேஸ்திரி கன்னடக்காரர், காலிப்பர் செய்வதில் கெட்டிக்காரர். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தபோது யாரும் 'பாவம்' என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மேடம் யூதர் என்று சொன்னதும் என் அம்மா கேட்டார், "பைபிள்ல வர்றாங்களே, அவங்களா? இன்னும் இருக்காங்களா?" லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையில் யூதர்களைப் பற்றி யாருக்குமே தெரியாது. பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் மட்டும் அவர்கள் வருவார்கள், இயேசுவைக் கொன்ற குற்றவாளிகளாக. மேடத்தைத் தெரிந்த பிறகு அந்தப் பிரசங்கத்தை என்னால் சும்மா கேட்க முடியவில்லை. போதகரிடம் போய்ச் சொன்னேன். "எழுதியிருக்கிறதைத்தானே சொல்றோம்" என்று முடித்துவிட்டார்.

அந்த வருடம் டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தது. பஸ் நின்றுவிட்டது. தமிழ்ப் பலகை மாட்டியிருந்த கடைகளை உடைத்தார்கள், குடிசைகள் எரிந்தன. அன்று பட்டறையில் நாங்கள் ஏழெட்டுத் தமிழர்கள் இருந்தோம். பக்கத்துக் குடிசைகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களையும் மேடம் உள்ளே சேர்த்துக்கொண்டார். மத்தியானம் ஒரு கூட்டம் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே தமிழர்கள் யார் யார், பெயரைச் சொல், வெளியே அனுப்பு என்றார்கள்.

மேடத்துக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும். கேட்டைத் திறந்து வெளியே போய், அதைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் நின்றார். மேஸ்திரியும் கூடப் போய் நின்றார்.

"இல்லி கெலச மாடோரு இதாரே. அஷ்டே" என்றார் மேடம். இங்கே வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று.

ஒருவன் திரும்பவும் பெயர்களைக் கேட்டான். மேடம் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். மேஸ்திரி அந்தக் கூட்டத்தில் தன் தெருப் பையன் ஒருவனைப் பார்த்து, அவன் அப்பா பெயரைச் சொல்லி, வீட்டுக்குப் போ என்று கன்னடத்தில் அதட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் கத்திவிட்டு, ஜன்னல்களில் கல்லெறிந்துவிட்டுப் போனார்கள்.

உள்ளே வந்த மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தமிழ் ஆளுங்க யாரும் இல்லன்னு சொல்லியிருக்கலாமே மேடம், உடனே போயிருப்பாங்க" என்றேன்.

என்னை முறைத்தார். "எங்க ஊர்லயும் பேர்தான் கேட்டான். ஏன் சொல்லணும்? நீ இருக்கே. இல்லன்னு நான் ஏன் சொல்லணும்?"

பட்டறையில் மேடத்துக்கு இருந்தது ஒரே கண்டிப்பு. பிள்ளைகளை வைத்து மேடை போடக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. ஒரு தடவை ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் பேனரோடும் போட்டோகிராபரோடும் சக்கர நாற்காலி கொடுக்க வந்தார்கள். அவர்களின் தலைவரை மேடம் கேட்டார், "நீ பல் டாக்டர்கிட்ட போறப்போ போட்டோ எடுப்பியா?" அவர்கள் நாற்காலிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நாலு பிள்ளைகளுக்கு நாற்காலி போச்சே என்று எனக்கு வருத்தம்தான். அடுத்த மாதம் மேடம் தன் வீட்டுப் பியானோவை விற்று அந்த நாற்காலிகளை வாங்கினார். அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்றார்.

கடைசி வருடங்களில் அவருக்குக் கண் மங்கியது. அறக்கட்டளையின் பொறுப்பு மெல்ல மெல்லச் செயலாளர் கைக்குப் போனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் மேடம் இறந்தார். கிறிஸ்தவக் கல்லறையில் வைத்துவிடலாம், அதுதான் சுலபம் என்றார் செயலாளர். இந்த ஊரில் யூதர்களுக்கென்று ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, மேடத்தின் அப்பாவும் அம்மாவும் கணவரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று நானும் மேஸ்திரியும் சொன்னோம். "இறந்தவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?" என்றார். வாழ்நாள் முழுவதும் யாரென்று மறைக்காமல் இருந்த பெண்ணை, சௌகரியத்துக்காக வேறொருத்தியாக்கிப் புதைக்கப் பார்த்தார். நாங்கள் விடவில்லை. அவர்கள் முறைப்படி ஜெபம் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டுமாம். தேடித் தேடி ஆறு பேர்தான் கிடைத்தார்கள். அந்த ஆறு பேரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்த நினைவுக் கூட்டம். பட்டறைக்கு முன்னால் ஷாமியானா, மேடை, பூ அலங்காரம். நான் போனபோது கேட்டுக்கு அருகில் ஊன்றுகோல்கள் குவியலாகக் கிடந்தன. எதற்கு என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"புதுசு மேடையில குடுக்கறாங்களாம்மா. பழசைக் கையில வெச்சிருந்தா போட்டோவுல நல்லா இருக்காதாம்."

பிள்ளைகள் காலையிலிருந்து அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பாத்ரூம் போகக்கூட யாராவது தூக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்குத்தான் வந்தார். செயலாளர் சீமாட்டி கதையைப் பேசி முடித்ததும் முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி, பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள், கைகளை ஊன்றித் தவழ்ந்து மேடைப் படியில் ஏறத் தொடங்கினாள். போட்டோகிராபர் முன்னால் வந்து குனிந்தான்.

நான் எழுந்து அவளிடம் போனேன். அதற்குள் மேஸ்திரி குவியலிலிருந்து அவள் ஊன்றுகோல்களைத் தேடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதை அவளுக்குச் செய்தவராயிற்றே, தெரியாதா. அவள் எழுந்து நின்றாள். நான் மேடையேறி மைக்கில் சொன்னேன்.

"மேடம் இங்கிலாந்துக்காரி இல்ல. அகதியா வந்த யூதப் பொம்பள. அவங்க இருந்திருந்தா இந்த மேடையையே போட விட்டிருக்க மாட்டாங்க. முதல்ல பிள்ளைங்களுக்கு அவங்க கோலைக் குடுங்க. அப்புறம் பேசுங்க."

மைக்கை அணைத்துவிட்டார்கள். செயலாளர் சிரித்துக்கொண்டே என் காதோரம், "ரொம்ப எமோஷனல் ஆயிட்டீங்க, போய் உட்காருங்க" என்றார். அந்தச் சிரிப்பு இன்றும் எனக்குப் பொறுக்காது. கோபப்பட்டால் உணர்ச்சிவசப்படுகிறோமாம். பிள்ளையைத் தவழவிட்டவர் நிதானமானவராம்.

மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. ஆள் குறைப்பு என்று காரணம் காட்டி என்னை அனுப்பினார்கள். மேஸ்திரி தானாகவே நின்றுவிட்டார். பட்டறையின் முன்பாதியை ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார்கள். பிள்ளைகள் பின்வழியாக வர வேண்டும் என்றார்கள்.

எல்லோரும் என் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. அந்தச் சிறுமியின் அம்மா பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு இன்னாம்மா, பேசிட்டுப் போயிட்டீங்க. அவங்க குடுக்கறதயும் நிறுத்திட்டா நாங்க எங்க போறது?"

மேஸ்திரி லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன அறை எடுத்து வேலையைத் தொடங்கினார். நான் சாயங்காலங்களில் டைப்ரைட்டிங் வகுப்பு எடுத்து வாடகையில் பங்கு கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து அந்த அம்மா மகளோடு அங்கே வந்தார். காலிப்பரின் வார் அறுந்திருந்தது. மேஸ்திரி அதைத் தைக்கும்வரை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு உங்களைக் கண்டபடி பேசிட்டேன்" என்றார். "பயம், வேற ஒண்ணுமில்ல."

"தெரியும்" என்றேன். அவர்மேல் எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை. பெற்ற பிள்ளை கூட்டத்துக்கு நடுவில் தவழ்வதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கும்படி ஒரு தாயைப் பயமுறுத்தி வைத்தவர்கள்மேல்தான் கோபம். அது குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் ஜெபிப்பதும் இல்லை.