இடது பாகம் அண்ணனுக்கு, வலது பாகம் தம்பிக்கு

கரெண்டைப் பிடுங்கின பொறவும் ஆளைத் தூக்கி அடிக்கிற சாமானை மடியில வச்சுக் கொஞ்சுறதுதான் எங்க தொழில்.

பட்டாளத்துல வயர்லெஸ் செட்டுக்குள்ளயே இருபது வருசம் கிடந்துட்டு வந்தவன் நான். இப்ப ராஜபாளையத்துல, வீட்டு முன்ரூம்ல, பழைய வால்வு ஆம்ப்ளிபையருக்குக் கண்டென்சர் மாத்திக் குடுக்குறேன். வால்வுன்னா பல்பு மாதிரி செவப்பா எரியுற கண்ணாடிக் குழல். அது லேசுல சாகாது. கூட இருந்து கரெண்டைச் சேர்த்து வைக்கிற கண்டென்சர்தான் வயசானா உள்ளுக்குள்ள காய்ஞ்சு போயிரும். காய்ஞ்சா பாட்டு வராது, 'உம்ம்ம்'னு இரைச்சல்தான் வரும். பழசைக் கழத்திட்டுப் புதுசைப் போடணும், அம்புட்டுதான் வேலை. ஆனா உள்ள முந்நூறு வோல்ட்டு உறங்காம முழிச்சுக்கிட்டு இருக்கும். அதனால, அடி நெஞ்சு வழியாப் பாயாம இருக்க, ஒரு கையைப் பேண்ட் பைக்குள்ள விட்டுக்கிட்டு ஒத்தைக் கையாலதான் தொடுவோம். அந்த அடியை வாங்கின கூட்டாளிகளே, உங்களுக்கு நான் சொல்லணுமா? வாங்காதவங்க புண்ணியம் பண்ணினவங்க, சும்மா கேட்டுக்கிடுங்க.

பரணிலிருந்து நேரா பிளக்குக்கு

பல வருசம் சும்மா கிடந்த செட்டை நேரா கரெண்டுல சொருகக் கூடாது. நடுவுல ஒரு குண்டு பல்பை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா உசுர் குடுக்கணும். சேத்தூர்ல ரிட்டையர்டு போலீஸ் ஏட்டு ஒருத்தர் பரண்ல இருந்து இறக்கின செட்டைத் தூசி தட்டினார், சொருகினார். கண்டென்சர் 'டமார்'! உள்ள சுத்தியிருந்த காகிதமெல்லாம் தூள் தூளாப் பறந்து வீடெங்கும் விழுந்திருக்கு, சாம்பார்ச் சட்டி உட்பட.

எனக்கு வந்த கோவத்துக்கு நாலு வார்த்தை கேக்கணும்னுதான் இருந்தேன். மனுசன் ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார். வெடிச்ச கண்டென்சரோட ஒவ்வொரு துண்டும் அதுல இருக்கு. மேல எழுதியிருந்த நம்பரைச் சேர்த்து வச்சுப் படிச்சேன், ஒரு எழுத்துக் கூடக் குறையல. இப்படி ஒரு கஸ்டமரை நான் கண்டதே இல்ல. சாம்பார்ல விழுந்ததையும் கழுவித் துடைச்சா கொண்டு வந்தீகன்னு கேட்டேன். அவர் சொன்னது:

"பின்ன? தடயத்தை அழிக்கக் கூடாதுல்லா."

பொன்னுச்சாமி அண்ணாச்சி

பொன்னுச்சாமி அண்ணாச்சி எங்க ஊர்தான், எழுபத்தஞ்சு தாண்டிருச்சு. ஆட்டோவில செட்டை இறக்கினார். இரைச்சல் தாங்கலன்னார். கவுத்துப் போட்டு அடித்தகட்டைக் கழத்தினேன். அம்மாடி! வயரெல்லாம் கோலத்துக்குப் புள்ளி வச்ச கணக்கா நேரு நேரா ஓடுது. மெழுகு நூல்ல கட்டு. பத்த வச்ச ஈயம் இன்னும் மினுங்குது. மில்லுல போர்மேனா இருந்த அவங்க அப்பா கையால கட்டினதாம். அதைவிட ஒண்ணு இருக்கு, கேளுங்க. பின்னாடி எவனோ ஒருத்தன் கண்டென்சர் மாத்த வருவான்னு யோசிச்சு, ஒவ்வொரு வயர்லயும் அரை இஞ்சு கூட விட்டிருக்கார் மனுசன். முகம் தெரியாத எனக்காக! கண்ணுல தண்ணி வந்துட்டுது.

கழத்தின தகட்டுல பென்சில்ல 'இடது'ன்னு எழுதியிருந்துச்சு. வலது எங்கன்னு கேட்டேன். அவர் முகம் சுருங்கிப் போச்சு. அப்பா கட்டினது ஒரு ஜோடி, இடது ஸ்பீக்கருக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. பாகம் பிரிக்கையில இடது செட்டும் ரெக்கார்டு பிளேயரும் இவருக்கு. வலது செட்டும் ரெக்கார்டு அம்புட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற தம்பி தங்கச்சாமிக்கு. ஸ்பீக்கர் பெட்டி ஆளுக்கு ஒண்ணு. கடைசியா வரப்புல நின்ன பஞ்சவர்ண மாமரம் யாருக்குன்னு வந்துச்சு பாருங்க சண்டை, பதினோரு வருசமாப் பேச்சு இல்ல. பிளேயர் இங்க, ரெக்கார்டு அங்க. ரெண்டு பேரும் செல்போன்ல இருந்து வயர் இழுத்து, பாதிப் பாட்டை ஒத்தைப் பெட்டியில கேட்டுக்கிட்டு இருக்காக. இதைக் கேட்டா சிரிக்கிறதா அழுகுறதா?

அவர் மெதுவா இன்னொண்ணு சொன்னார். இடது காது செத்து ரெண்டு வருசமாச்சாம். வலதும் போய்க்கிட்டே இருக்கு, இந்த வருசம் தாண்டாதுன்னு மதுரை டாக்டர் சொல்லிட்டாராம். அப்பா வச்சிருந்த ஒரு ரெக்கார்டுல ரெண்டு நாயனம். ஒருத்தர் இடது பெட்டியில வாசிப்பார், மத்தவர் வலது பெட்டியில பதில் சொல்லுவார். காது அடைக்கும் முன்ன அதை முழுசா ஒருக்கா கேட்டுறணும், அதான் ஆசை. தம்பியைக் கேட்டாத்தான் என்னன்னேன். வந்த பதில் இது:

"அவன் வாசப்படியை மிதிக்க மாட்டேன். நீ கண்டென்சரை மட்டும் மாத்து மிலிட்டரி, வேற எதையும் தொட்டுறாத."

மடியில வந்த செட்டு

அது நடந்து நாலாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல ஒரு செட்டை வேட்டியில சுத்தி, மடியிலயே வச்சுக்கிட்டு ஒருத்தர் வந்து இறங்கினார். சீட்டுக்கு அடியில வைக்கக் கூடாதான்னு கேட்டேன். குலுங்கும்லான்னார். சுத்தியிருந்த வேட்டியைப் பிரிச்சதும் எனக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளிச்சு. அதே கை, அதே மெழுகு நூல். தகட்டுல 'வலது'.

"எங்க அண்ணனும் உங்ககிட்டதான் வாராரா?"ன்னு தங்கச்சாமி கேட்டார். ரிப்பேர்க்காரன் ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டுல பேசக் கூடாதுன்னு எனக்கு ஒரு சட்டம். இல்லையேன்னு பொய் சொன்னேன். அண்ணாச்சி செட்டு ரெண்டடி தள்ளி, துணிக்கு அடியில இருக்கு. அடுப்படியில இருந்து என் வீட்டுக்காரி ராணி என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை!

பேச்சு ரெக்கார்டுகளைப் பத்தி வந்துச்சு. மாசம் ஒருக்கா அம்புட்டையும் எடுத்து, மெத்துத் துணியால துடைச்சு, திருப்பி உறையில போட்டு வைப்பாராம். பதினோரு வருசமா, ஒண்ணைக் கூடச் சுத்த விடாம! இம்புட்டு ஆசை இருக்கிறவர் புதுசா ஒரு பிளேயர் வாங்கிட்டாத்தான் என்ன, இப்பதான் எங்கயும் கிடைக்குதேன்னு நான் அதிகப்பிரசங்கித்தனமாக் கேட்டேன். அவர் சொன்னார்:

"வாங்கலாம். வாங்கிட்டா அப்பா பிளேயர் வேண்டாம்னு ஆயிருமே."

நான் செஞ்ச கூத்து

ரெண்டு செட்டையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு வேலை பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஆசையா இருந்துச்சு, அதான் வினை. கண்டென்சர் அம்புட்டையும் மாத்தி, பல்பு வழியா மெதுவா ஏத்தினேன். ஹெட்போன் மாட்டி மாட்டி என் காது மழுங்கிப் போச்சு. அதனால கடைசி சர்ட்டிபிகேட்டு ராணிதான். ஸ்பீக்கர்ல காதை வச்சுப் பார்த்துட்டு, "செட்டு ஓடுதா இல்லையான்னே தெரியல, நல்லாத்தான் பண்ணியிருக்கீக"ன்னா. அந்தப் பாராட்டுல தலை கிறங்கி, அடித்தகடு ரெண்டையும் எடுத்து முடுக்கினேன். ஆளாளுக்கு ஒண்ணாக் குடுத்தும் அனுப்பிட்டேன்.

மூணாம் நாள் பொன்னுச்சாமி அண்ணாச்சி ஆட்டோவில திரும்ப வந்தார். இரைச்சல் போயிருச்சு, அதுல குறை இல்ல. "வால்யூம் குமிழைத் திருகு"ன்னார். திருகினேன். வழுக்கிக்கிட்டுப் போச்சு. "என் செட்டுல பாதிக்கு வந்ததும் கரகரங்கும். இது கரகரங்கல"ன்னார். செட்டைக் கவுத்துத் தகட்டைப் பார்த்தேன், 'இடது'ன்னுதான் இருக்கு. அப்பதான் எனக்கு வேர்த்துச்சு. மாத்தினது தகட்டை! அடையாளம் தகட்டுல இருக்கு, செட்டுல இல்ல. இருபது வருசம் ஸ்க்ரூவுக்குக் கூட லேபிள் ஒட்டின பய நான், தகட்டை மாத்தி முடுக்கியிருக்கேன்.

ஒத்துக்கிட்டேன். அண்ணாச்சி கத்துவார்னு பார்த்தேன், கத்தல. "எங்க அப்பா கட்டினது ரெண்டே ரெண்டுதான். இது என்னுது இல்லைன்னா யாருதுன்னு எனக்குத் தெரியாதா? அவனும் உங்கிட்டதான் வாரானா?"ன்னார். இப்பமே ஸ்ரீவில்லிபுத்தூர் போயி மாத்திட்டு வாரேன்னு செட்டைத் தூக்கப் போனேன். அவர் செட்டு மேல கையை வச்சு அமுத்தினார்.

"இதை நீ தொடாத. அவன் சாமான் எங்கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லு."

போன்ல ஒரு சேதி

தங்கச்சாமிக்குப் போன் போட்டேன். தப்பு என்னுதுதான், செட்டு மாறிப் போச்சு, மன்னிச்சுக்கிடணும்னேன். அவர் என்ன சொன்னார்ங்கிறதை அப்படியே எழுதுறேன்: "சுவிட்சைப் போட்டுக் குமிழைத் திருகினதுமே தெரிஞ்சு போச்சு. சின்னதுல அண்ணன் அங்கயும் இங்கயும் திருகித் திருகிக் கெடுத்த குமிழ்லா அது. அப்பாட்ட அடி கூட வாங்கினார்." பின்ன ஏன் சொல்லலன்னு கேட்டேன்.

"சொன்னா திருப்பி வாங்கிட்டுப் போயிருவீகளே."

ரெண்டு பக்கமும்

அந்தப் பதிலைக் கேட்ட பொறவு என் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போட்டேன். அண்ணன் காதைப் பத்திச் சொல்லிட்டேன். அவர் "எந்தக் காது?"ன்னு மட்டும் கேட்டார். சொன்னேன். வச்சுட்டார்.

மறுநாள் காலையில அண்ணாச்சி வீட்டுல இருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டுப் போச்சு. போனா, வாசல்ல ஆட்டோ. செட்டு, ஸ்பீக்கர் பெட்டி, டிராவல் பேக் நிறைய ரெக்கார்டு. தங்கச்சாமி செருப்பைக் கழத்திட்டு வாசல்ல நிக்கார். அண்ணன் வான்னும் சொல்லல, தம்பி வரட்டுமான்னும் கேக்கல. ரெண்டு பேரும் என்னையே பார்க்காக. வயரை மாட்டினேன். பல்பு வழியா ஏத்துறதுக்குப் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசமும் ரெண்டு பேரும் பல்பையே பார்த்துக்கிட்டு இருந்தாக.

தங்கச்சாமி உறையில இருந்து ரெக்கார்டை எடுத்து, ஓரத்தை மட்டும் பிடிச்சு நீட்டினார். அண்ணாச்சி வாங்கி வச்சு, முள்ளை இறக்கினார். இந்தப் பெட்டியில நாயனம் எழுந்துச்சு, அந்தப் பெட்டியில இன்னொண்ணு பதில் சொல்லிச்சு. தூசி தும்பு இல்லாத ரெக்கார்டு, இரைச்சல் இல்லாத செட்டு. சத்தியமாச் சொல்லுதேன், அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்ல. அண்ணாச்சி நடுவுல நாற்காலியில கண்ணை மூடி உக்காந்திருந்தார். தங்கச்சாமி, கேக்கிற காதை மறைக்கக் கூடாதுன்னோ என்னமோ, அவருக்கு இடது பக்கமா, சுவரோரம் நின்னுக்கிட்டு, மெதுவா "நல்லாருக்காண்ணே?"ன்னார். அண்ணாச்சிக்கு அது விழல. செத்த நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்தவர், தம்பி வாய் அசையுறதைப் பார்த்தார். எட்டி ஒரு ஸ்டூலை இழுத்துத் தனக்கு வலது பக்கம் போட்டார்.

"அங்கன நின்னு பேசினா எனக்குக் கேக்காதுலே. இந்தக் காதுப் பக்கம் வந்து உக்காரு."

இந்தத் தொழில்ல நான் செஞ்ச பெரிய தப்பு அந்தத் தகட்டை மாத்தி முடுக்கினதுதான், ஆனா செட்டை மாத்தித் தாங்கன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல ஒருத்தர் கூட இன்னி வரைக்கும் என்கிட்ட வந்து நிக்கல.