உயிரோடு இருந்தவருக்கு ஒரு நட்சத்திரம்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பொது அறிவுப் புத்தகங்கள் தொகுத்துக்கொண்டிருந்தேன். அங்கே புரூப் பார்த்துப் பிழை திருத்தியவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான உடம்பு, கறுத்த முகம். பெயர்ப் பட்டியல் வந்தால் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுபோல ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசிப்பார்.

ஒரு சீசன் அவசரத்தில், பத்ம விருது பெற்றவர்களின் பட்டியலை இணையத்தில் எங்கிருந்தோ எடுத்து, அக்காவிடம் காட்டாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இறந்த பிறகு விருது பெற்றவர்களுக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தது.

அச்சாகி வந்த புத்தகத்தை அரசாங்கப் பட்டியலோடு ஒப்பிட்டுப் புரட்டிய அக்கா ஒரு பெயரில் நின்றார்.

"இந்த நர்சம்மா செத்துட்டாகன்னு யாருலே சொன்னது? அரசாங்கப் பட்டியல்ல குறியே இல்லையே!"

அந்த அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கேட்டு அவருடைய நம்பரை வாங்கி, உடனே போன் போட்டார். "நான்தாம்மா பேசுறேன்" என்றது மறுமுனை.

முதலாளி சலித்துக்கொண்டார். "புத்தகமெல்லாம் லாரியில லோடு ஏறிக்கிட்டிருக்கு. ஒரு நட்சத்திரந்தானே, எவன் பாக்கப்போறான்?"

"உங்க பேருக்குப் பக்கத்துல ஒண்ணு போட்டு காலண்டர் அடிப்போமா, மொதலாளி?"

லோடு இறங்கியது. அந்தப் பக்கத்தை மறுபடி அடித்தோம்.

அக்கா அந்த அம்மாவுக்கு மறுபடி போன் போட்டு என் கையில் திணித்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, "அதனால என்னய்யா, எனக்கு ஆயுசு கூடும்" என்றார்.

நிம்மதியாக, "அவங்க மன்னிச்சிட்டாங்கக்கா" என்றேன்.

"அவுக மன்னிப்பாக. நான் மன்னிக்க மாட்டேன்லே."

அந்தக் கம்பெனியை விட்டு நான் கிளம்பும்வரை அவர் மன்னிக்கவில்லை. அவர்மேல் எனக்கிருக்கும் மரியாதை அதனால்தான்.