தறிக்குழியும் பூனை மணலும்

என்னைப் போன்ற முட்டாள் ஆரணியில் இன்னொருவர் இருந்தால் அவரைச் சந்திக்க ஆசை. சுற்றிலும் மண்ணாகவே கிடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் கைபேசியில் மண் வாங்கினேன். அதுவும் லாவண்டர் வாசனை போட்ட மண். மூட்டையின் மேல் ஒரு வெள்ளைப் பூனை சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது யோசித்தால், அது என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறது.

எங்கள் வீட்டில் என் மனைவி பட்டுப் புடவை நெய்கிறாள். நான் புடவைக் கரைகளுக்கு டிசைன் வரைந்து அட்டை குத்துகிறேன். துளை போட்ட அந்த அட்டைகள் தறியின் மேல் வரிசையாகத் தொங்கி, எந்த இழை எழவேண்டும், எது சும்மா இருக்கவேண்டும் என்று தறிக்குச் சொல்லும். அதாவது, வேலை செய்வது அவள், யோசனை சொல்வது நான். வீட்டின் மற்ற விஷயங்களிலும் இதே ஏற்பாடுதான்.

ஒரு தெருப்பூனை எங்கள் பழைய அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் குட்டி போட்டது. மனைவி அதை விரட்டவில்லை. போன வருடம் எலி தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகளைக் கடித்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து அவளுக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது. பூனை இருந்தால் நல்லது என்று இருந்துவிட்டாள். குட்டிகளுக்கு நடக்கத் தெரிகிற வரைக்கும்தான் இந்த நிம்மதி. நடக்கத் தெரிந்ததும் அவை நேராகத் தறிக்குழிக்கு நடந்தன.

எங்களுடையது குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கவேண்டும். குழிக்குள் இருட்டு, அமைதி, அடியில் பொலபொலவென்று காய்ந்த மண். பூனைக்குட்டிக்கு அதைவிட வசதியான கழிப்பறையை யாரும் கட்டித் தர முடியாது. ஒரு நாள் காலையில் மனைவி குழிக்குள் காலை விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தாள்.

"இன்னைக்குக் குழியில பண்ணுது. நாளைக்குப் பாவு மேல ஏறும். பட்டுல ஒரு சொட்டு பட்டுச்சின்னா கறை போவாது. அப்புறம் தாயி, குட்டிங்க எல்லாத்தையும் சாக்குல போட்டு ரைஸ் மில்லுல வுட்டுட்டு வந்துருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அந்த மில்லின் நாய்களை எனக்குத் தெரியும். என்னைக் கண்டாலே அவற்றுக்கு ஆகாது. உள்ளங்கையில் அடங்குகிற குட்டிகளை அங்கே விடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் வீராவேசமாகச் சொன்னேன், "எல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"நீங்க பாத்துக்கிறதுதான் எனக்கு பயம்" என்றாள்.

பூனைகள் வெளிக்குப் போகவென்றே விற்கிற அந்த மண் மூட்டை வந்தது. ஈரம் பட்டால் உடனே கட்டியாகும், கட்டியை மட்டும் அள்ளிப் போட்டால் போதும் என்று எழுதியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் தட்டில் கொட்டி, குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினேன். மூக்கு மட்டும் மையில் தோய்த்தது போல் கறுப்பாக இருக்கும் கடைக்குட்டி, மண்ணை முகர்ந்தது. பிறகு சாப்பிட ஆரம்பித்தது. மற்றவையும் அதைப் பார்த்து இரண்டு வாய் தின்றுவிட்டு, ருசி பிடிக்காமல் இறங்கிக் குழிக்குப் போயின. கடைக்குட்டிக்கு மட்டும் ருசி பிடித்திருந்தது. நான் தூக்கியபோது அதன் வாய்க்குள் மண் பசையாகி ஒட்டிக்கொண்டிருந்தது. கத்த நினைத்து வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

கையில் கிடைத்த புடவைப் பெட்டியில் அதை வைத்து, மொபெட்டை எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே மாடுகளும் ஆடுகளும் காத்திருந்தன. வாசலில் நின்ற உதவியாளர் பெட்டியைப் பார்த்தார்.

"டாக்டரம்மா இப்ப பொடவை எல்லாம் பாக்க மாட்டாங்க சார். மாடு பாத்துகினு கீறாங்க."

மூடியைத் திறந்து காட்டினேன். "பொடவை வாயத் தொறக்குது" என்று உள்ளே சொல்லி அனுப்பினார்.

டாக்டரம்மா குட்டியின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இது இன்னா தின்னுச்சு?"

கைபேசியில் மூட்டையின் படத்தைக் காட்டினேன்.

"கட்டி பிடிக்கிற மணலா?"

"ஆமாங்க. ரொம்ப நல்லா பிடிக்கும்" என்றேன். என் குரலில் பெருமை இருந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

"வயித்துக்குள்ளயும் நல்லாத்தான் பிடிக்கும் சார். இந்த வயசுக் குட்டிங்க எதையும் வாயில வெச்சுத்தான் பாக்கும். வளர்ற வரைக்கும் கட்டி பிடிக்காதது, தூசி பறக்காதது, வாசனை இல்லாதது, இதுல எதனா போடுங்க. வெறும் பேப்பர் கூட போதும். ஆமா, அந்த வாசனை உங்களுக்கா, அதுக்கா?"

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குட்டி வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, வெளிக்குப் போகாவிட்டாலோ ஜல்தியாகத் தூக்கிவரச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மதியம் வரை அந்தக் கறுப்பு மூக்கின் பின்னாலேயே நடந்தேன். வேலை ஓடவில்லை. டிசைனில் ஒரு அன்னப்பறவைக்கு ஒரு கழுத்துக்குப் பதில் இரண்டு கழுத்து குத்தினேன். கடைசியில் தறிப் பக்கமிருந்து மனைவியின் கூச்சல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். கடைக்குட்டி குழிக்குள் வேலையை முடித்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தது.

"போயிடுச்சு, போயிடுச்சு" என்று நான் குதித்தேன்.

"என் கால் மேல போயிட்டுகீது. அதுக்கு இவ்ளோ சந்தோசமா?"

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அன்றே சாக்கை எடுத்து உதறி வைத்துவிட்டாள்.

வெறும் பேப்பர் போதும் என்று டாக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாகவே நினைவில் இருந்தது. ஆனால் அவ்வளவு சுலபமாக இருப்பது எதுவும் என் புத்திக்குள் ஏறாது. ஆரணிக்காரனுக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் மனதில் வருவது உமிதான். அடுப்புக்கு உமி, பாத்திரம் தேய்க்க அதன் சாம்பல், செங்கல் சூளைக்கு உமி, பூனைக்கு மட்டும் என்ன குறை? நாய்களை ஏமாற்றி மில்லிலிருந்து ஒரு கோணி கொண்டுவந்தேன். தட்டில் கொட்டியதும் குட்டிகள் வரிசையாகத் தும்மின. தூசி பறக்காதது என்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. மாலைக்குள் அவற்றின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது, குட்டிகளின் ரோமம் முழுக்க உமி. மனைவி நெய்துகொண்டிருந்த அரக்குப் புடவையின் ஓரத்திலும் இரண்டு உமி. அவற்றை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

அடுத்த யோசனைதான் என் தொழிலில் இருப்பவனுக்கு மட்டுமே வரக்கூடியது. அட்டை குத்தும்போது துளையிலிருந்து சின்னச் சின்ன வட்டப் பொட்டுகள் உதிரும். எத்தனை வருடமாகப் பெருக்கிக் கொட்டியிருக்கிறேன். காகிதம்தான். கட்டி பிடிக்காது, தூசி இல்லை, வாசனை இல்லை. என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு, ஒரு தட்டு நிறையப் பொட்டைக் கொட்டி, என் மேசைக்கடியில் வைத்தேன். குட்டிகள் வந்தன, தோண்டின, உட்கார்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் உட்கார்ந்தன. கடைக்குட்டி ஒரு பொட்டை நக்கிப் பார்த்துத் துப்பிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கூரியர் இல்ல, மில்லு இல்ல. எல்லாம் நம்ம வீட்டுச் சரக்கு."

"பாக்கலாம்" என்றாள்.

பார்த்தாள். ஈரக் காலில் பொட்டு ஒட்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. கடைக்குட்டி தட்டிலிருந்து இறங்கி, நான்கு காலிலும் செருப்புப் போட்டது போல் ஒட்டிய பொட்டுகளோடு தறியை நோக்கிப் போனது. நான் எழுந்து போவதற்குள் பாவின் ஓரத்தில் தொற்றி ஏறிவிட்டது. மனைவி பிடரியைப் பிடித்துத் தூக்கியபோது, நெய்த பட்டில் அழுக்குப் படாமல் மேலே விரித்திருந்த துணியில்தான் ஈரம் பட்டிருந்தது. பட்டில் படவில்லை. ஆனால் பொட்டுகள் இழைகளுக்குள் இறங்கிவிட்டன. ஒன்று, அவள் கவனிக்காமல் நெய்ததில் கரைக்குள்ளேயே சிக்கிவிட்டது. நான் குத்திய டிசைனில், நான் குத்திய பொட்டு. அதை ஊசியால் கிளறி எடுக்க அவளுக்கு மதியம் முழுதும் போனது.

எடுத்து முடித்ததும் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உங்களோட பெரிய பேஜாருங்க. போதும்."

"இன்னும் ஒரே ஒரு நாளு. டாக்டரம்மா சொன்னதை அப்படியே பண்றேன்."

"அப்படியேன்னா?"

"என் புத்திய நடுவுல வுடாம."

சாக்கைக் கீழே வைத்தாள். ஆனால் மடித்து வைக்கவில்லை.

அன்றைய செய்தித்தாளை, ராசிபலன் உட்பட, படிக்காமலே கிழித்தேன். காலில் ஒட்டாத அளவுக்கு அகலமான துண்டுகள். சின்னக் கால் ஏறும்படி விளிம்பு தாழ்ந்த தட்டு. தறிக்குழியைப் பலகை போட்டு மூடினோம், அவள் நெய்யும்போது மட்டும் திறந்தாள். தட்டை முதலில் கொல்லைக் கதவோரம் வைத்தேன். குட்டிகள் அதைச் சட்டை செய்யாமல் என் மேசைக்கடியில் போய்த் தேடின. சமையலறை மூலையில் வைத்தேன், அங்கேயும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் மேசைக்கடியிலேயே வைத்தேன். கடைக்குட்டி ஏறியது, ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தது, ருசியில்லை என்று விட்டது, உட்கார்ந்தது. பிறகு மற்றவை. இரண்டு நாள் இப்படியே போயிற்று. குழிப் பக்கம் ஒன்றும் போகவில்லை. சாக்கு மறுபடி பரணுக்குப் போனது.

ஒரே ஒரு தொல்லைதான். மேசையில் நான் உட்கார்ந்தால் குட்டிகள் வெட்கப்பட்டன. என் காலைப் பார்த்ததும் தட்டைவிட்டு இறங்கித் தறிப் பக்கம் திரும்பிப் பார்த்தன. நான் எழுந்து நகர்ந்தால்தான் திரும்பி வந்து ஏறின. இதை மனைவியிடம் ஒரு வெற்றிச் செய்தி போலத்தான் சொன்னேன்.

"அப்ப குட்டிங்க இருக்கட்டும்" என்றாள், தறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இருக்கட்டும், சரி. நான் எங்க உக்காந்து அட்டை குத்துறது?"

"வெளிய நெழலு கீது."